நாலரை மணி விளக்கு

கேள்வி: எனக்கு 43 வயது. சொந்த ஊர் சாத்தூர் பக்கம் ஒரு கிராமம். எட்டு வயதிலிருந்து மூன்று வருடம் தீப்பெட்டி ஆபீசில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், கட்டை அடுக்கினேன்; குச்சிகளை இடைவெளி விட்டுச் சட்டத்தில் வரிசையாக அடுக்குகிற வேலை. விடியுமுன்னே ஆபீஸ் பஸ் வந்துவிடும். பிறகு சித்தி வந்து சண்டை போட்டு என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். இப்போது கோவையில் வங்கியில் வேலை. அந்தக் கஷ்டம்தான் என்னை ஆளாக்கியது. என் மகளுக்கு 13 வயது. தனி அறை, டியூஷன் எல்லாம் இருக்கிறது, ஆனால் எதிலும் அக்கறை இல்லை. டியூஷன், வீட்டுப்பாடம் எல்லாம் முடித்துப் படுக்க இரவு பதினொன்று ஆகும். காலையில் நாலரைக்கே நான் விளக்கைப் போட்டுவிடுவேன், ஞாயிற்றுக்கிழமையானாலும் அப்படித்தான், எனக்கு அது சின்ன வயதுப் பழக்கம். பத்துத் தடவை கூப்பிட்டால்தான் எழுந்திருக்கிறாள், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே தூங்குகிறாள். புத்தி சொன்னால், “உங்க கதையை ஆரம்பிக்காதீங்க” என்கிறாள். ஊரில் இருக்கும் என் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேன், போய்ப் பார்க்கத்தான் மனம் வருவதில்லை. கஷ்டமே தெரியாமல் வளரும் பிள்ளைக்கு வாழ்க்கையை எப்படிப் புரியவைப்பது?

— ஒரு வாசகி, கோவை

பதில்: மகளைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த விளக்கு.

ஞாயிற்றுக்கிழமை வங்கி கிடையாது. பள்ளிக்கூடம் கிடையாது. நாலரை மணிக்கு உங்கள் தெருவில் பால்காரர்கூட வந்திருக்க மாட்டார். அந்த நேரத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் அறையில் எதற்கு அம்மா விளக்கு? ‘பழக்கம்’ என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் போகவில்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் அத்தனைக்கும் பதில் அந்த வரியில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் அன்றைக்கு அந்த நேரத்தில் விளக்கு எரிந்ததற்குக் காரணம் இருந்தது. பஸ் வந்துவிடும். ஹாரன் சத்தம் கேட்கும்போது ரோட்டில் நிற்காவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அந்தப் பஸ்ஸிலிருந்து நீங்கள் இறங்கி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் இன்னும் அதற்காக ஒரு பிள்ளையை எழுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பதிலாக உங்கள் மகள் எழுகிறாள், அவ்வளவுதான்.

அந்த விடியற்காலை எனக்குத் தெரியும். கோவில்பட்டி பக்கம் என் பெரியம்மா வீடு. பள்ளி விடுமுறைக்குப் போவேன். தீப்பெட்டி ஆபீசுக்குப் பிள்ளைகளைத் திரட்டி அனுப்பும் ஏஜென்ட் இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டுவார். பாதித் தூக்கத்தில், சீவாத தலையோடு, கையில் தூக்குவாளியோடு பிள்ளைகள் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு என் வயதுதான். சாயங்காலம் வந்து திண்ணையில் என்னோடு உட்காருவாள். பேச்சு அதுபாட்டுக்கு நடக்கும், அவள் கை மட்டும் விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்து ஒடித்துத் தரையில் வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கும். இடைவெளி பிசகாது. கண் அந்தப் பக்கம் திரும்பாது. எத்தனை கட்டை அடுக்கினாளோ அத்தனைக்குத்தான் காசு என்பதால் விரல்கள் அப்படிப் பழகியிருந்தன. ஒருநாள் நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். பேச்சும் நின்றுவிட்டது. மறுபடி என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

உங்கள் கை இப்போது எதை அடுக்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

‘அந்தக் கஷ்டம்தான் என்னை ஆளாக்கியது.’ இந்த வாக்கியத்தை எத்தனை கடிதத்தில் படித்துவிட்டேன்! பஞ்சாலையிலிருந்து வந்திருக்கிறது, செங்கல் சூளையிலிருந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது. தீப்பெட்டித் தொழிலில் 14 வயதுக்குக் கீழ் பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1986லேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் வயதைப் பார்த்தால் நீங்கள் பஸ் ஏறியது 1990 வாக்கில். சிவகாசிப் பிள்ளைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த முதலாளி பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது 1996ல். அதற்குள் நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டீர்கள். சட்டம் குற்றம் என்று சொன்ன ஒன்றுக்கு நீங்கள் இன்றைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, கஷ்டம்தான் ஆளாக்கும் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் பஸ்ஸில் கூட வந்த பிள்ளைகள் எங்கே? அதே இருட்டு, அதே கட்டை, அதே மருந்து நெடி. கஷ்டத்தில் அவர்களுக்கு ஒரு குச்சிகூடக் குறைவில்லை. அவர்களில் எத்தனை பேர் வங்கியில் உட்கார்ந்திருக்கிறார்கள்? அவர்களுக்கு இல்லாத ஒன்று உங்களுக்கு இருந்தது. ஒரு சித்தி! அவருக்கு உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரி. கஷ்டத்துக்கோ மாலை மரியாதை.

ஹவாயில் கவாய் என்று ஒரு தீவு. 1955ல் அங்கே பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் நாற்பது வயது வரை விடாமல் கவனித்தார்கள். வறுமை, குடி, ஓயாத சண்டை என்று சகலமும் இருந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒருவர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தவற்றில் முக்கியமான ஒன்று, பாட்டியோ அத்தையோ வாத்தியாரோ, விட்டுக்கொடுக்காத ஒரு பெரிய மனுஷி அல்லது மனுஷர் பக்கத்தில் இருந்தது. நம் ஊர்ச் சித்திகள் இதை எந்த ஆராய்ச்சியும் படிக்காமலே செய்திருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு நீங்கள் அந்தச் சித்தியாக இருக்கலாம். இப்போது பார்க்கும் வேலை ஏஜென்ட் வேலை.

இனி மகள். பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரம். அந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே உடம்பில் பின்னால் தள்ளிப்போகும், சீக்கிரம் படு என்று அதட்டினாலும் வராது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிற பிள்ளையைச் சோம்பேறி என்று நினைக்கிறீர்களே, நீங்களும் அந்தப் பஸ்ஸில் அப்படித்தானே தூங்கியிருப்பீர்கள்? அதை அவளிடம் ஒருநாளாவது சொன்னதுண்டா? ஜெயித்த கதையைத்தான் சொல்லியிருப்பீர்கள், அதுவும் அவள் மார்க் குறைந்த அன்றைக்கு. ‘உங்க கதையை ஆரம்பிக்காதீங்க’ என்று அவள் சொல்வதில் நான் தப்புக் காணவில்லை.

அதற்காகப் பிள்ளையைப் பூப்போல வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தின்ற தட்டைக் கழுவட்டும், துணி மடிக்கட்டும், வீட்டில் ஆளுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும், ஆண்பிள்ளையானாலும்தான். அதெல்லாம் பகலில் நடக்கட்டும்.

கடைசியாக உங்கள் அம்மா. இதில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசப்போகிறேன். மாதாமாதம் பணம் போய்விடுகிறது, மகள் போவதில்லை. பெற்றவளுக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்குக் கோபம் இருக்கிறது. நியாயமான கோபம்தான். எட்டு வயதுப் பிள்ளையை அனுப்பியது தப்பு, அதைப் பூசி மெழுக மாட்டேன். ஆனால் அன்றைக்கு விளக்கைப் போட்டது யார் என்று நினைத்துப் பாருங்கள். உங்களை எழுப்புவதற்கு முன்னால் எழுந்து உங்கள் தூக்குவாளியில் சோறு அடைத்தது யார்? வானம் பார்த்த கரிசலில் மழை பொய்த்த வருடம் அந்த வீட்டு அடுப்பு எதில் எரிந்தது? அம்மாவிடம் நேரில் கேளுங்கள். ‘ஏம்மா என்னை அனுப்பின?’ என்று முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். அவர் அழுவார், இல்லை சண்டைக்கு வருவார். எது நடந்தாலும் இருந்து ஒருவாய் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கேட்க வேண்டியவரிடம் கேட்காமல் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கணக்குத் தீர்க்கக் கூடாது.

போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பஸ் நின்ற இடத்தைக் காட்டுங்கள். புத்தி எதுவும் சொல்ல வேண்டாம், இந்த இடத்தில் நின்றுகொண்டே தூங்குவேன் என்று மட்டும் சொல்லுங்கள். சித்தி இருந்தால் அவர் வீட்டுக்கும் போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள்.

அதற்கு முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு உங்களுக்கு விழிப்பு வந்துவிடும், உடம்பு சொன்னால் கேட்காது. எழுந்துகொள்ளுங்கள், இருட்டிலேயே உட்காருங்கள். மகள் அறைக்கதவை வெளியிலிருந்து மெல்லச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். அவள் எத்தனை மணிக்குத் தானாக எழுந்து வந்தாள், வந்ததும் என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.