ஹாலோகிராமில் பலகை வரியா? எண்ணெய் வாங்கும் முன் படியுங்கள்

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் புராஜெக்டுக்காக, சிவப்பு லேசர் டயோடு வைத்து டெனிசியூக் முறையில் (ஒரே கதிர் பிலிமைக் கடந்து பொருளில் பட்டுத் திரும்பும் முறை) ஹாலோகிராம் எடுக்கிறேன். டிரைஅசிடேட் தளமுள்ள சில்வர் ஹேலைடு பிலிம், 63 மி.மீ. சதுரம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து கிளிப் போடுகிறேன். உருவம் விழுகிறது, ஆனால் தேக்குப் பலகையின் ரேகை போல வளைந்து வளைந்து கறுப்பு வரிகள். ஒளிவிலகல் எண் 1.5160 என்று சான்றிதழோடு வரும் இறக்குமதித் திரவம்தான் தீர்வு என்கிறார் சப்ளையர். குறைந்தது 500 மி.லி. எடுக்க வேண்டுமாம். வாங்கலாமா? (மாணவர், பெருங்களத்தூர்)

பதில்: வேண்டாம். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் லைட் லிக்விட் பாரஃபின் 100 மி.லி. வாங்குங்கள், போதும்.

பிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் சிக்கியிருக்கிறது. அதன் பரப்புகளில் பட்டுத் திரும்பும் ஒளி, மீண்டும் ஒருமுறை திரும்பி பிலிமுக்குள் வந்து மூல ஒளியோடு மோதுகிறது. காற்றிடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லாததால் வரிகள் வளைகின்றன. காற்றை விரட்டிவிட்டு, கண்ணாடிக்கு நெருங்கிய ஒளிவிலகல் எண் உள்ள திரவத்தை நிரப்பினால் வரி போய்விடும். நெருங்கியிருந்தாலே போதும், அச்சாகப் பொருந்த வேண்டியதில்லை. சப்ளையர் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

கணக்கைப் பாருங்கள். கண்ணாடி 1.52, உங்கள் பிலிம் தளம் 1.48, பாரஃபின் ஏறக்குறைய 1.47. பாரஃபின் ஊற்றினால் கண்ணாடிப் பரப்பில் திரும்புவது 0.03 சதவீதம், காற்றாக இருந்தால் 4 சதவீதம். அந்த 1.5160 திரவம் கண்ணாடியோடு பொருந்தும், ஆனால் பிலிம் பக்கம் 0.036 வித்தியாசம் அப்படியே நிற்கும். மேலும், சான்றிதழில் உள்ள எண் பெரும்பாலும் 589 நானோமீட்டர் சோடிய மஞ்சள் ஒளிக்கு, 25 டிகிரியில் அளந்தது. உங்களுடையது சிவப்பு லேசர். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் எண்ணெயின் எண் 0.0004 அளவுக்கு இறங்கும். சென்னை மே மாதத்தில் நான்காவது தசமத்துக்குக் காசு கொடுப்பது வீண். மெடிக்கல் ஷாப் பில்லை மறுத்துவிட்டு, மூன்று கொட்டேஷன் வைத்தால் அதே காரியத்துக்குப் பல மடங்கு தொகையில் கையெழுத்துப் போடும் கொள்முதல் கமிட்டிகளை என்ன சொல்வது!

கடையில் கேட்கும்போது கவனம். மலச்சிக்கலுக்கென்று பாரஃபின் கலந்து வெள்ளையாகப் பால் போல வரும் மருந்தை எடுத்துக் கொடுப்பார்கள், அது ஆகாது. நிறமில்லாமல், வாசனையில்லாமல், தண்ணீர் போலத் தெளிந்திருக்க வேண்டும். 'ஹெவி' வகை கெட்டி, அடங்க நேரமெடுக்கும். ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்திருக்கிறது, அதுவும் வேண்டாம். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஏசி லேபில் வெள்ளையாகப் படியும். கிளிசரினின் எண் 1.47, தாளில் பார்த்தால் அருமை. ஆனால் கடலோர ஈரத்தை உறிஞ்சும், எமல்ஷனின் (பிலிம்மேல் உள்ள ஒளியுணர் படலத்தின்) ஜெலட்டினையும் ஊறவைக்கும். மைக்ரோஸ்கோப்புக்கான சீடர்வுட் எண்ணெய் நாள்பட மஞ்சளித்துப் பிசின் போல இறுகிவிடும்.

சைலீன்? எண் 1.495, நன்றாகவே பொருந்தும். ஆனால் அடைத்த இருட்டறையில் அந்த ஆவியைச் சுவாசிக்காதீர்கள்.

63 மி.மீ. சதுரத்தில் 10 மைக்ரான் தடிமனுக்கு வேண்டியது 0.04 மி.லி., அதாவது ஒரு சொட்டு. தாராளமாக ஐந்து சொட்டு விடுங்கள். இரண்டு பக்கமும் அப்படியே விட்டாலும் 500 மி.லி. ஆயிரம் படத்துக்கு வரும். உங்கள் புராஜெக்டுக்கு எத்தனை படம்?

சொட்டுகளைக் கண்ணாடியின் நடுவில் விட்டு, பிலிமை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து இறக்குங்கள். தட்டையாகப் போட்டால் குமிழி சிக்கும். மறுபக்கத்துக்கும் அதேபோல் விட்டு இரண்டாவது கண்ணாடியை வைத்து, ரப்பர் ரோலரால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒருமுறை தள்ளி, நான்கு பக்கமும் கிளிப். பிறகு பதினைந்து நிமிடம் தொடாதீர்கள். எண்ணெய் மெதுவாகப் பிதுங்கும்போது பிலிமும் நகரும்; எக்ஸ்போஷரின்போது 65 நானோமீட்டர் நகர்ந்தாலே படம் மங்கும், அதைவிட நகர்ந்தால் அந்த இடம் இருண்டுவிடும். ஏசி, ஃபேன் இரண்டும் அதற்கு முன்பே நின்றிருக்க வேண்டும்.

டெவலப்பரில் போடுவதற்கு முன் எண்ணெய் போயாக வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் ஒட்டிய இடத்தில் டெவலப்பர் பிடிக்காமல் வெளிறிய திட்டுகள் விழும். பெயின்ட் கடை மினரல் டர்பன்டைனில் அரை நிமிடம் அலசி, முழுக்க உலரவிட்டுப் பிறகு போடுங்கள். அது தீப்பிடிக்கும் சரக்கு; காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் நெருப்பு ஆகாது.

ஒரு விதிவிலக்கு. நாளை யாராவது போட்டோபாலிமர் பிலிம் (வெள்ளி உப்புக்குப் பதில், ஒளி பட்டால் இறுகும் பிளாஸ்டிக் படலம் உள்ளது) கொடுத்தால் மேலே சொன்னதை அப்படியே செய்யாதீர்கள். அதன் உணர்படலத்தின்மேல் எந்தத் திரவமும் படக்கூடாது. பாரஃபினும் கூடாது, டர்பன்டைனும் கூடாது. படலத்தில் இன்னும் வினைபுரியாத மோனோமர் (பிளாஸ்டிக்காக இணையும் சிறு மூலக்கூறு) இருக்கிறது. திரவம் அதைக் கரைத்து இழுத்துவிடும், படலமும் இளகும். உறையைப் பிரித்துக் கண்ணாடியில் அழுத்தினால் தன் பசையிலேயே ஒட்டும் வகை அதில் உண்டு. அங்கே காற்றிடைவெளியே இல்லை, திரவத்துக்கும் வேலை இல்லை. கண்டிப்பாக வேண்டுமென்றால் பிலிம் தளத்தின் பின்பக்கத்தில் மட்டும், ஓரத்தில் வழியாதபடி. இதற்கும் தனித் திரவம் இருக்கிறது என்று யாராவது விற்க வந்தால், படலத்தில் படலாமா என்று எழுத்தில் கேளுங்கள்.

எண்ணெய் போட்ட பிறகும் மெல்லிய வரி மிச்சமிருந்தால், அது கண்ணாடியின் வெளிப்பரப்புகளிலிருந்து வருகிறது. எந்தத் திரவமும் அதைத் தீர்க்காது, லேசரைத் திருப்புவதுதான் வழி: டயோடின் ஒளி ஒரே தளத்தில் அதிர்வதால், டயோடைச் சுழற்றினால் பிரதிபலிப்பு கூடும், குறையும். ஒளியைக் கண்ணாடிப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 56 டிகிரி சாய்வில் விடுங்கள். பிலிம் இல்லாத வெறும் கண்ணாடியை அந்த இடத்தில் வைத்து, டயோடை அதன் அச்சிலேயே மெல்லச் சுழற்றுங்கள். சுவரில் விழும் பிரதிபலிப்புப் புள்ளி மிகவும் மங்கும் இடத்தில் நிறுத்தி திருகை இறுக்குங்கள். அந்த நிலையில் வெளிப்பரப்பில் ஏறக்குறைய ஒன்றும் திரும்பாது. 90 டிகிரி தவறித் திரும்பியிருந்தால் 15 சதவீதத்துக்கு மேல் திரும்பும். உங்கள் வரிகள் அவ்வளவு கறுப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், எண்ணெய் வாங்கப் போகும் முன்பே இதைச் சரிபார்த்துவிடுங்கள்.