ஜிடி பட்டியலில் பெயர் இல்லையா? யாருக்கும் பணம் கட்டும் முன் மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: டாலஸ் பக்கம் ஒரு புறநகரில் இருக்கிறோம். சென்னையிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகிறது. மகன் மூன்றாம் வகுப்பு முடிக்கிறான், கணக்கில் கெட்டி. பள்ளி மாவட்டத்தின் ஜிடி, அதாவது கிஃப்டட் அண்ட் டேலன்டட் பிரிவிலிருந்து ஆண்டிறுதிச் செய்தி மே கடைசி வாரம் வந்தது. அடுத்த வருட வகுப்புகள், கோடை முகாம், பாராட்டு விழா படங்கள் எல்லாம் அதில் இருந்தன. கூட வந்த கடிதத்தில் என் மகன் "இப்போதைக்குத் தகுதி பெறவில்லை" என்று ஒரே வரி. காகாட் என்ற திறனறித் தேர்வில் 94 பர்சன்டைல் என்றும், ஓரத்தில் "9பி (வி–)" என்றும் போட்டிருக்கிறது. அவன் ஆங்கிலம் கற்கும் மாணவர் பட்டியலிலும் இருக்கிறான். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கோச்சிங் சென்டர் அடுத்த வருடம் கண்டிப்பாக உள்ளே போகலாம் என்கிறது. சேர்க்கலாமா, அப்பீல் செய்யலாமா? சின்னவள் ஆகஸ்டில் கிண்டர்கார்டன் போகிறாள். வீட்டு மொழி படிவத்தில் இங்கிலீஷ் என்று எழுதினால்தான் அவளுக்காவது ஜிடி கிடைக்கும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: அப்பீல் செய்யுங்கள், இந்த வாரமே. கோச்சிங்கில் சேர்க்காதீர்கள். சின்னவளுக்குத் தமிழ் என்றே எழுதுங்கள்.

முதலில் அந்த "9பி (வி–)". உங்கள் கடிதத்தில் இருப்பதிலேயே முக்கியமான விஷயம் அதுதான். ஒரு வார்த்தைகூட விளக்கம் இல்லாமல் அதை ஓரத்தில் அச்சடித்து அனுப்பிவிட்டு, மறுவாரம் ஆபீசைப் பூட்டிக்கொண்டு கோடை விடுமுறைக்குப் போகிறார்களே, அதைப் பார்க்கும்போது வருடா வருடம் எனக்குக் கோபம் வருகிறது. காகாட் தேர்வில் மூன்று பகுதிகள் உண்டு: சொல், எண், வடிவம். 9 என்பது இந்த மூன்றின் நடு மதிப்பு எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்கிறது. மொத்தம் ஒன்பது படிகள், உச்சிப் படியில் அதே வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு நாலு பேர்தான் இருப்பார்கள். பி என்றால் மூன்றில் ஒன்று மட்டும் மற்ற இரண்டோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. எது என்றால் வி, அதாவது சொற்பகுதி. மைனஸ் என்பதால் அது கீழே இறங்கி நிற்கிறது. சேர்த்துப் படித்தால், உங்கள் பையன் எண்ணிலும் வடிவத்திலும் உச்சிப் படியில் இருக்கிறான், ஆங்கிலச் சொற்கள் அவனைக் கீழே இழுத்திருக்கின்றன. அந்த 94 மூன்றையும் கலந்து வந்த எண்.

94 பர்சன்டைல் என்பது நூற்றுக்கு 94 மார்க் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் மார்க் மாதிரிதான் பேசுவார்கள். நாடு முழுக்க அவன் வயதுப் பிள்ளைகள் நூறு பேரை நிறுத்தினால் 94 பேரை விட மேலே இருக்கிறான் என்று அர்த்தம்.

இப்போது மூன்றாம் வகுப்பு விஷயம். இரண்டாம் வகுப்பு வரை இந்தத் தேர்வு பெரும்பாலும் படங்களாக இருக்கும். மூன்றாம் வகுப்புக்கான தாளில் சொற்பகுதியைப் பிள்ளையே ஆங்கிலத்தில் வாசித்து விடை போட வேண்டும். வாக்கியத்தில் விடுபட்ட சொல்லைக் கண்டுபிடி, இந்த மூன்று சொற்களோடு சேரும் நாலாவது சொல் எது, இப்படி. இரண்டு வருடம் முன்பு சென்னையில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை இதில் டாலஸ் பக்கத்துப் பிளேனோவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையை விடக் கொஞ்சம் பின்னால் நின்றால் அது யோசிக்கும் திறமையின் அளவு ஆகாது. ஆங்கிலத்தோடு அவன் பழகிய காலத்தின் அளவு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், உங்கள் அப்பீல் மொத்தமும் இதன் மேல்தான் நிற்கப்போகிறது.

டெக்ஸஸ் கல்விச் சட்டம் 29.121-ஆம் பிரிவு யாரை ஜிடி மாணவர் என்கிறது தெரியுமா? ஒரே வயது, ஒரே அனுபவம் அல்லது ஒரே சூழலில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிடும்போது குறிப்பிடத்தக்க உயர்ந்த நிலையில் செயல்படுகிற, அல்லது அப்படிச் செயல்படக்கூடிய பிள்ளை. அனுபவம், சூழல் என்ற இரண்டு சொற்களும் சட்டத்திலேயே இருக்கின்றன. இதற்கு மேல் மாநிலத்தின் ஜிடி திட்டம், பிள்ளைக்குப் புரியும் மொழியில் தேர்வு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மொழி தேவைப்படாத தேர்வு வைக்க வேண்டும் என்கிறது. தமிழில் தேர்வு வைக்க எந்த மாவட்டமும் முன்வராது, சரி. ஆனால் சொற்பகுதியை விட்டுவிட்டு எண்ணையும் வடிவத்தையும் மட்டும் சேர்த்த கூட்டு மதிப்பு இதே காகாட்டில் உண்டு, புதிதாகத் தேர்வுகூட எழுத வேண்டாம். நாக்லியரி மாதிரி முழுக்க வடிவங்களாலேயே ஆன தேர்வும் இருக்கிறது. ஆங்கிலம் கற்கும் பிள்ளையை மூன்றும் கலந்த எண்ணை மட்டும் வைத்து மறுத்திருந்தால், அது சரியில்லை என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: இந்த வாதம் ஆங்கிலம் கற்கும் பட்டியலில் உள்ள பிள்ளைக்குத்தான் வலுவாக நிற்கும். இங்கேயே பிறந்து, வீட்டிலும் ஆங்கிலமே பேசி, சொற்பகுதியில் குறைந்த பிள்ளைக்கு இதைத் தூக்கிக்கொண்டு போனால் மாவட்டத் தேர்வுக் குழு அசையாது. பட்டியலில் இருந்து சமீபத்தில் வெளியே வந்த பிள்ளைக்குச் சொல்லிப் பார்க்கலாம், ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்கு டெக்ஸஸ் வருடா வருடம் வைக்கும் டெல்பாஸ் தேர்வின் பழைய முடிவுகளைச் சேர்த்து வைத்தால். உங்கள் பையன் இப்போதும் பட்டியலில் இருப்பதால், இந்த வசந்தத்தில் எழுதிய டெல்பாஸில் வாசிப்பு எந்த நிலை, எழுத்து எந்த நிலை என்று பார்த்து, அந்தத் தாளையும் அப்பீலோடு இணையுங்கள். பேச்சில் உயர்ந்த நிலையும் வாசிப்பில் நடுநிலையும் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் "அவன் நன்றாகத்தானே பேசுகிறான்" என்று ஆசிரியர் சொல்லக்கூடிய மறுப்புக்கு அந்தத் தாளே பதில்.

வேலை இப்படி. இன்றைக்கே மாவட்ட ஜிடி ஒருங்கிணைப்பாளருக்கும் பள்ளி முதல்வருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். மூன்று பகுதிகளுக்கும் தனித்தனி மதிப்பு உள்ள முழு அறிக்கை, தேர்வுக் குழு நிரப்பிய மதிப்பீட்டுப் படிவம், அப்பீலுக்குக் கடைசி நாள், இந்த மூன்றையும் கேளுங்கள். "வருத்தமாக இருக்கிறது, தயவுசெய்து பரிசீலியுங்கள்" என்று நீட்ட வேண்டாம். பிள்ளையின் பள்ளிப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை ஃபெர்பா என்ற மத்தியச் சட்டத்தில் இருக்கிறது, அதன்படி அவர்களுக்கு 45 நாள் வரை அவகாசம் உண்டு. ஆனால் அப்பீல் கெடு அதற்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும், அதனால் தாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். "அப்பீல் செய்கிறோம், ஆவணங்கள் வந்ததும் விவரம் சேர்ப்போம்" என்று அதே மின்னஞ்சலில் ஒரு வரி எழுதிவிடுங்கள். போனில் பேசினால் அது நடந்ததற்கு ஆதாரம் இல்லை. கெடு எத்தனை நாள் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். உங்கள் மாவட்டப் பள்ளி வாரியத்தின் கொள்கைக் கையேட்டில் இஎச்பிபி (EHBB) என்ற குறியீட்டில் தேடுங்கள். லீகல், லோக்கல் என்று இரண்டு வரும், உங்கள் மாவட்டத்தின் சொந்த விதிகள் உள்ள லோக்கலைப் படியுங்கள்.

மதிப்பீட்டுப் படிவத்தை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், ஒரே ஒரு தேர்வு எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதும் மாநிலத் திட்டத்தில் இருக்கிறது. குறைந்தது மூன்று அளவுகோல்கள் வேண்டும், எண்களாக உள்ளவையும் ஆசிரியர் கருத்து, பிள்ளையின் வேலைத் தொகுப்பு போன்றவையும் கலந்து. குழுவில் ஜிடி பயிற்சி பெற்ற மூன்று பேராவது இருக்க வேண்டும். படிவத்தைப் பார்த்தால்தான் எந்தக் கட்டத்தில் பையன் விழுந்தான் என்று தெரியும். ஆசிரியர் நிரப்பும் பட்டியலில் விழுந்திருந்தால் அதுவும் பல நேரம் மொழிதான். வகுப்பில் கேள்வி கேட்கிறானா, கதையை விவரித்துச் சொல்கிறானா என்றெல்லாம் அதில் இருக்கும், கூச்சத்தோடு ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு அதில் யார் மார்க் போடுவார்கள்?

அடுத்தது கோச்சிங். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. மே மாதம் கடிதங்கள் போன மறுநாளே இந்த ஆட்கள் குழுக்களில் இறங்கிவிடுகிறார்கள், ஏனென்றால் பெற்றோரின் மனசு அன்றைக்குத்தான் மிகவும் கலங்கியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். "கண்டிப்பாக உள்ளே போகலாம்" என்று எவராலும் சொல்ல முடியாது. முடிவெடுப்பது மாவட்டக் குழு, அதில் இவர்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. பணம் திருப்பித் தருகிறோம் என்பவரிடம் எழுத்தில் கேளுங்கள், நிபந்தனைகளைப் படித்தால் அது யாருக்கும் திரும்பாத பணம் என்று புரியும். "பார்ம் 8 அசல் கேள்விகள் எங்களிடம் இருக்கின்றன" என்று, அதாவது காகாட்டின் ஒரு பதிப்பே கையில் இருக்கிறது என்று, ஒருவர் கிசுகிசுத்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அது திருட்டுத் தாள், தெரிய வந்தால் உங்கள் பிள்ளையின் மதிப்பெண்தான் ரத்தாகும், அவர்கள் கடையை வேறு பெயரில் திறப்பார்கள். இதைவிட எனக்குப் பெரிய கவலை, எட்டு வயதுப் பிள்ளையைக் கோடை முழுக்க வடிவக் கட்டங்களுக்கு முன் உட்கார வைப்பது. உங்கள் பையனோ அந்தப் பகுதியில் ஏற்கெனவே உச்சிப் படியில் இருக்கிறான், அவனுக்கு எதைச் சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள்? தேர்வு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள பள்ளி தரும் மாதிரிக் கேள்விகள் போதும். அவனுக்கு வேண்டியது ஆங்கிலச் சொற்கள். அது பொது நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அவனுக்குப் பிடித்த புத்தகங்கள், விண்வெளியோ டைனோசரோ எதுவானாலும், எடுத்துக்கொண்டு வந்து கூட உட்கார்ந்து படியுங்கள், தமிழில் பேசிக்கொண்டே படித்தாலும் சரிதான்.

இதே வகையில் இன்னும் இரண்டு. தனியாரிடம் ஐக்யூ சோதனை செய்து கொண்டுபோனால் போதும் என்பார்கள். வெளித் தேர்வை ஏற்கிறதா என்று இஎச்பிபி லோக்கலில் பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள், ஏற்காத மாவட்டங்கள் நிறைய. அப்புறம், "உங்கள் பிள்ளை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்" என்று பொன்னிற முத்திரையோடு தபாலில் வரும் கோடை மாநாட்டு அழைப்புகள். கட்டணம் கட்டச் சொல்லும் கௌரவம் எதுவும் கௌரவம் இல்லை, குப்பையில் போடுங்கள்.

இவ்வளவு குழப்பத்துக்கும் வேர் எங்கே என்றால், நாட்டில் ஜிடி வகுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்று சொல்லும் மத்தியச் சட்டம் கிடையாது, எல்லாம் மாநிலங்களின் விருப்பம். டெக்ஸஸ் தன் மாவட்டங்களைக் கட்டாயப்படுத்துகிறது, அதுவரை நல்லது. ஆனால் இதற்கென்று கொடுத்த தனி நிதியை 2019-ல் எடுத்துவிட்டு 2021-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள், அதுவும் மாணவர்களில் 5 சதவீதம் வரைக்கும்தான். உங்கள் புறநகர் மாதிரி இடத்தில் 5 சதவீதத்துக்கு மேல் தகுதியுள்ள பிள்ளைகள் இருந்தால் கூடுதல் செலவை மாவட்டம் தன் கையிலிருந்து போட வேண்டும். அந்த நெருக்கடியை வாசலில் வந்து நிற்கும் எட்டு வயதுப் பிள்ளையின் மேல் இறக்குவதில் எந்த நியாயமும் இல்லை.

அப்பீல் தோற்றால் என்ன? பெரும்பாலான மாவட்டங்களில் வாரியத்தின் புகார் நடைமுறைப்படி மேலே போக வழி உண்டு. இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி தேர்வு கேளுங்கள், வருடத்துக்கு ஒரு முறையாவது வாய்ப்புத் தர வேண்டும். நடுவில் கணக்கு வீணாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். 2023-ல் வந்த எஸ்பி 2124 என்ற டெக்ஸஸ் சட்டப்படி, ஐந்தாம் வகுப்புக் கணக்கில் முதல் 40 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் மேம்பட்ட கணக்கு வகுப்பில் பள்ளியே சேர்க்க வேண்டும், பெற்றோர் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 எடுப்பதற்கான பாதை அது. அதற்கு ஜிடி முத்திரை தேவையே இல்லை. அதுவரை வகுப்பில் கூடுதல் கணக்கு கொடுக்கச் சொல்லி நாலாம் வகுப்பு ஆசிரியரிடம் ஆகஸ்டிலேயே அந்தக் காகாட் தாளைக் காட்டிக் கேளுங்கள்.

சின்னவள் விஷயம். வீட்டில் பெரும்பாலும் பேசுவது தமிழ் என்றால் படிவத்தில் தமிழ் என்று எழுதுங்கள். எழுதினால் ஆங்கிலத் தேர்வு ஒன்று வைப்பார்கள், தேறினால் அத்தோடு சரி, தேறாவிட்டால் ஆங்கிலம் கற்கும் பட்டியலில் சேர்த்து அதற்கான உதவி தருவார்கள். அந்தப் பட்டியலில் இருப்பது ஜிடிக்குத் தடை இல்லை, யார் என்ன சொன்னாலும். பொய்யாக இங்கிலீஷ் என்று எழுதிவிட்டு, மூன்றாம் வகுப்பில் அவளுக்கும் "வி–" வந்தால், அண்ணனுக்கு இப்போது நீங்கள் வைக்கப்போகிற வாதத்தை அவளுக்காக வைக்கவே முடியாது. படிவத்தை முதன்முறை சேர்க்கும்போது ஒரு தடவைதான் நிரப்புவீர்கள். தவறாக எழுதிவிட்டால் சேர்ந்த இரண்டு வாரத்துக்குள், ஆங்கிலத் தேர்வு வைப்பதற்கு முன்னால், எழுத்தில் கேட்டால்தான் மாற்றுவார்கள்.