அப்பாவின் ஓய்வூதியப் பணம்: எப்படிச் சொன்னால் காதில் ஏறும்?

கேள்வி: என் அப்பா இரண்டு மாதங்களுக்கு முன் 60 வயது நிறைந்து பணி ஓய்வு பெற்றார். பெரம்பூரில் சொந்த வீட்டில் இருக்கிறோம். கைக்கு வந்த பணத்தில் 15 லட்சம் ரூபாயை ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் போடப் போகிறாராம். மாதம் 3 சதவீதம் வட்டி. அவரோடு நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர் ஏற்கெனவே போட்டு, ஆறு மாதமாக வட்டி வாங்கிக்கொண்டிருக்கிறார். “இது மோசடி, ஏமாந்துவிடுவீர்கள்” என்று நான் சத்தம் போட்டதிலிருந்து அப்பா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அடுத்த வாரம் பணம் கட்டப் போகிறார். என்ன சொல்லித் தடுப்பது?

பதில்: உங்கள் பயம் முழுக்க நியாயமானது. ஆனால் “ஏமாந்துவிடுவீர்கள்” என்பது அப்பாவின் காதில் “உங்களுக்கு விவரம் போதாது” என்றுதான் விழுந்திருக்கும். இத்தனை ஆண்டுகள் சம்பாதித்துக் குடும்பத்தைக் கரையேற்றியவர், சம்பளம் நின்ற இரண்டாவது மாதமே பெற்ற மகளிடம் அதைக் கேட்டால் தன் முடிவுதான் சரி என்று காட்டவே முனைவார். நம் உரிமையில் ஒருவர் கைவைக்கிறார் என்று தோன்றினால் தடுக்கப்பட்டதன் மீதே பிடிவாதம் கூடுகிறது என்று அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் 1966இல் எழுதினார். வளர்ந்த பிள்ளைகளும் ஓய்வு பெற்ற பெற்றோரும் இருக்கும் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஆகவே முதலில் முடிவை அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். “அப்பா, அன்று நான் கத்தியிருக்கக் கூடாது. பணம் உங்களுடையது, முடிவும் உங்களுடையதுதான். எனக்குச் சில விஷயங்கள் புரியவில்லை, கேட்கலாமா?” என்று தொடங்கலாம். மனதாரச் சொல்லுங்கள், ஒப்புக்குச் சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடுவார். சாப்பிடும்போதும், மாப்பிள்ளையோ உறவினரோ கூட இருக்கும்போதும் இந்தப் பேச்சு வேண்டாம்.

அடுத்து, அந்த மாத வட்டி அவருக்கு எதற்கு என்று கேளுங்கள். என் அனுபவத்தில் பேராசைக்காக இப்படிப் பணம் போடும் பெரியவர்கள் குறைவு. ஒன்றாம் தேதி கணக்கில் சம்பளம் ஏறாத வெறுமை, மகளிடம் கை நீட்டக் கூடாது என்ற ரோஷம், உங்கள் தம்பியின் படிப்போ கல்யாணமோ, இவற்றில் ஏதாவது ஒன்று உள்ளே இருக்கும். அது தெரியாமல் நீங்கள் சொல்லும் எந்தக் காரணமும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது போலத்தான் அவருக்குப் படும்.

நண்பரைப் பொய்யர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் வட்டி வாங்குவது உண்மையாகவே இருக்கலாம். இத்தகைய நிறுவனங்கள் ஆரம்பத்தில் ஒழுங்காகவே கொடுக்கும். புதிதாகச் சேர்பவர்களின் அசலை எடுத்துப் பழையவர்களுக்கு வட்டியாகத் தரும். ஆட்கள் சேருவது குறையும் மாதத்தில் அலுவலகத்தில் பூட்டு தொங்கும். எனவே அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்துவிடுங்கள்: “அப்பா, அந்த மாமா வட்டி வாங்கியது சரி. அசலில் கொஞ்சம் திருப்பி எடுத்துப் பார்த்திருக்கிறாரா?” பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம். மறுநாள் காலை நடைப்பயிற்சியில் அவரே கேட்கட்டும். தானே போய்க் கேட்டுத் தானே கண்ட சந்தேகத்துக்கு இருக்கும் பலம், நீங்கள் பத்து முறை சொன்னாலும் வராது.

கணக்கையும் அவரோடு உட்கார்ந்து, அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். மாதம் 3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 36. பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்க ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ள நிதி நிறுவனங்களே ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. உறுப்பினர்களிடம் மட்டும் பணம் வாங்கிக் கடன் கொடுக்கும் பரஸ்பர சகாய நிதிகளுக்கும் இதே உச்சவரம்புதான். ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றிருக்கிறோம் என்று ஏஜென்ட் ஒரு சான்றிதழைக் காட்டக்கூடும். பதிவு வேறு, டெபாசிட் வாங்கும் அனுமதி வேறு. ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரை இட்டு, அதற்கு டெபாசிட் வாங்க அனுமதி இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்தே தேடுங்கள்.

15 லட்சத்துக்கு அவர்கள் சொல்லும் வட்டி மாதம் 45,000 ரூபாய். அதை அப்படியே எடுத்துவைத்தாலும், போட்ட அசல் அளவுக்குப் பணம் திரும்ப 34 மாதம் ஆகும். அவ்வளவு காலம் அந்த நிறுவனம் நிற்குமா என்பதுதான் கேள்வி. சென்னையில் பலத்த விளம்பரத்தோடு நடந்த ஆருத்ரா நிறுவனத்தின் மீது 2022இல் வழக்குப் பதிவானது. சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் பெற்றதாகக் குற்றச்சாட்டு. 1990களில் தேக்கு மரத் திட்டத்தில் பணம் போட்டு இழந்தவர்களை அப்பாவின் வயதுக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். நீங்கள் கதையாகச் சொல்வதைவிட, “அந்தக் காலத்தில் உங்கள் ஆபீஸில் யாராவது போட்டார்களா அப்பா?” என்று கேட்டுப் பாருங்கள்.

சங்கப் பாடல்களில் செலவழுங்குவித்தல் என்றே ஒரு துறை உண்டு; செலவு என்றால் இங்கே பயணம். பொருள் தேடப் புறப்படும் தலைவனைத் தோழி தடுக்கும் இடம் அது. தலைவனின் திறமையை அவள் குறை சொல்வதில்லை. அவன் போய்விட்டால் தலைவி என்ன ஆவாள் என்பதையே பெரும்பாலும் எடுத்துச் சொல்கிறாள். நீங்களும் உங்கள் பயத்தை ஒரே ஒரு முறை, தெளிவாக, அப்படிச் சொல்லிவிடலாம்: “நாளைக்கு அம்மாவுக்கு ஓர் ஆபரேஷன் என்றால் பணம் கையில் இருக்க வேண்டுமே அப்பா, எனக்கு அதுதான் பயம்.” திரும்பத் திரும்பச் சொன்னால் அது நச்சரிப்பாகிவிடும்.

தடுப்பதோடு நின்றால் போதாது. பணத்துக்கு வேறு இடம் காட்ட வேண்டும். தபால் நிலையத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதமானது; காலாண்டுதோறும் அரசு மாற்றக்கூடும், ஆனால் சேரும் நாளில் உள்ள வட்டி ஐந்தாண்டுக்கும் அப்படியே கிடைக்கும். 8.2 என்றால் 15 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய். 45,000 எங்கே, மாதம் பத்தாயிரம் எங்கே என்று அப்பா கேட்பார். அந்த ஏமாற்றத்தை மறைக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். குறையும் தொகையை எப்படி ஈடுகட்டுவது என்று அவரையே யோசிக்கச் சொல்லுங்கள். மாடிப் பகுதியை வாடகைக்கு விடுவது, ஒரு செலவை நீங்கள் ஏற்பது என்று ஏதாவது ஒன்று அவர் வாயிலிருந்தே வரும்.

உங்கள் பேச்சு எடுபடாவிட்டால், அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற, அவர் மதிக்கும் ஒருவரை வீட்டுக்கு அழையுங்கள். ஒருவர் போதும். சித்தப்பா, மாமா, மாப்பிள்ளை என்று ஆள் கூட்டிப் பஞ்சாயத்து வைத்தால் தலைகுனிவு மிஞ்சும். மறுநாளே போய்ப் பணத்தைக் கட்டிவிடுவார். வேண்டாம் என்று சொல்வதைவிட “பத்து நாள் தள்ளிப் போடுங்கள்” என்று கேட்பதும் பலன் தரும். இந்த மாதக் கடைசி வரைதான் இந்த வட்டி என்று ஏஜென்ட் அவசரப்படுத்துவார். நல்ல திட்டம் பத்து நாளில் ஓடிவிடாது என்பது அப்பாவுக்கும் தெரியும்.

“சரி, ஒரு லட்சம் மட்டும் போட்டுப் பார்க்கட்டும்” என்று உங்கள் வீட்டில் யாராவது சமரசம் பேசுவார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். முதல் மாத வட்டி 3,000 ரூபாய் கைக்கு வந்துவிட்டால் மீதிப் பணத்தைத் தடுக்க எந்தச் சொல்லாலும் முடியாது. அதேபோல் காசோலைப் புத்தகத்தை ஒளித்துவைப்பது, வங்கியில் போய்ச் சொல்லிவைப்பது போன்ற காரியங்களில் இறங்காதீர்கள்.

எல்லாம் மீறிக் கட்டியே தீருவேன் என்றால், ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள். ரசீது, ஒப்பந்தம், ஏஜென்ட் அனுப்பிய செய்திகள் அனைத்தையும் நகலெடுத்து வையுங்கள். ஒரு மாத வட்டி தவறினாலும் “அடுத்த வாரம் வந்துவிடும்” என்ற சமாதானத்தை நம்பிக் காத்திருக்காமல் அசோக் நகரில் உள்ள பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். முதலீட்டாளர் நலன் காக்க 1997இல் தமிழ்நாடு இயற்றிய சட்டத்தின் கீழ் நிறுவனத்தின் சொத்துகளை முடக்க முடியும். சொத்து கைமாறுவதற்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.