வள்ளியூர்ப் பக்கத்து லேத் பட்டறை ராக்கெட் ஆராய்ச்சியில் இறங்க முடியுமா?

கேள்வி இது: அமெரிக்காவில் ராணுவ, விண்வெளி ஆராய்ச்சிக்காகச் சிறு நிறுவனங்களுக்கு அரசே பணம் தருகிறதாமே, இங்கேயும் அப்படி உண்டா? நெல்லைப் பக்கம் நாலு மிஷின் வைத்துப் பட்டறை நடத்துகிறவர் அதில் நுழைய முடியுமா?

உண்டு. நுழையவும் முடியும். நீங்களும் என்னை மாதிரி அப்பாவின் பட்டறையைக் கையில் எடுத்தவராகத்தான் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் திட்டங்கள். அமெரிக்காவில் இதற்கு 1982-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆராய்ச்சிக்கென்று வெளியே பெரிய தொகை கொடுக்கும் அரசுத் துறைகள், அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று வைத்தார்கள். 2017-ல் அந்தப் பங்கு 3.2 சதவீதம் ஆனது. இங்கே பாதுகாப்பு அமைச்சகத்தின் ஐடெக்ஸ் திட்டம், ராணுவத்துக்கான புதுக் கண்டுபிடிப்புகளுக்குப் பணம் தருவது, 2018 ஏப்ரலில் தொடங்கியது. அதில் ஸ்பார்க் மானியம் 1.5 கோடி வரை, பிரைம் 10 கோடி வரை. 2024-ல் வந்த அதிதி 25 கோடி வரை. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் தொழில்நுட்ப வளர்ச்சி நிதி தனி. அங்கே ஒரு திட்டத்துக்கு 50 கோடி வரை, செலவில் 90 சதவீதம் வரை கிடைக்கும். ஐடெக்ஸில் அவர்கள் போடும் பணத்துக்கு ஈடாக உங்கள் பங்கும் வேண்டும். பணம் மொத்தமாக வராது, கட்டம் கட்டமாகத்தான் வரும். ஆகவே கையில் சுத்தமாகக் காசு இல்லாமல் இறங்காதீர்கள்.

ஆனால் எங்களை மாதிரிப் பட்டறைகள் தடுக்கி விழும் இடம் பணம் இல்லை. "இதற்கு முன் என்ன செய்தீர்கள், ஆதாரம் எங்கே?" என்று கேட்பார்கள். அங்கேதான் நான் விழுந்தேன்.

எங்கள் பட்டறை வள்ளியூர்ப் பக்கம். அப்பா காலத்தில் பம்புசெட், அரைவை மில் சாமான். அப்புறம் முப்பந்தல், பணகுடிப் பக்கம் காற்றாலைகள் வரவும் அதற்கான புஷ், ஃபிளாஞ்ச், ஷாஃப்ட் வேலைகள். மேற்கே திரும்பினால் மகேந்திரகிரி. இஸ்ரோவின் விகாஸ் ராக்கெட் எஞ்சினும், கடுங்குளிர் திரவ எரிபொருளில் ஓடும் சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினும் சோதிக்கப்படும் மலையைப் பார்த்துக்கொண்டேதான் நான் லேத் ஓட்டப் பழகினேன். அந்தத் துறைக்கு ஒரு நட்டாவது செய்துவிட வேண்டும் என்ற ஆசை சின்ன வயதிலிருந்தே உண்டு.

சில வருடங்களுக்கு முன், வெளியூரில் உள்ள ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து ஒரு வால்வுக்கான சீட் வேலை வந்தது. மூடும்போது ஒழுகாமல் அடைக்கிற வளையம்தான் சீட். கடுங்குளிர் திரவம் ஓடும் வால்வு. வரைபடத்தைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்ல மாட்டேன், கேட்கவும் வேண்டாம். உடல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சீட் டெஃப்லான். சாதாரண வெப்பத்தில் காற்றை அடைத்துப் பார்த்தால் ஒரு குமிழிகூட வராது. அனுப்பினோம். குளிரில் ஒழுகுகிறது என்று, அனுப்பிய ஆறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

குளிரில் சோதிக்க என்னிடம் வசதி கிடையாது. எங்கள் தெருவில் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். உறைவிந்துக் குச்சிகளை அவர் வைத்திருப்பது திரவ நைட்ரஜனில், அதாவது மைனஸ் 196 டிகிரியில். எங்கே வாங்குகிறார் என்று விசாரித்து நானும் ஒரு கேன் வாங்கினேன். "தம்பி, ரூமுக்குள்ள வச்சு ஊத்திராதிய, மூச்சு முட்டிரும்" என்று அவர் சொன்ன பிறகுதான் வேலையை வெளியே வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். நைட்ரஜன் ஆவியானால் அடைத்த அறையில் ஆக்சிஜன் குறைந்துவிடும். நீங்கள் செய்தாலும் திறந்த வெளியில், கண்ணாடியும் கையுறையும் போட்டுச் செய்யுங்கள்.

அங்கே புரிந்தது இதுதான். அந்தக் குளிருக்குப் போனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுமார் 0.3 சதவீதம் சுருங்கும், டெஃப்லானோ சுமார் 2 சதவீதம். 40 மில்லிமீட்டர் விட்டத்தில் கணக்குப் போட்டால் ஸ்டீல் 0.12 மில்லிமீட்டர், டெஃப்லான் 0.8 மில்லிமீட்டர். நாங்கள் மைக்ரோமீட்டர் வைத்து நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், சீட்டோ வெளிச்சுவரை விட்டே விலகி நின்றது. சுருங்குவதை யாராலும் தடுக்க முடியாது. சுருங்கும்போது அது எதைப் பிடிக்கிறது என்பதை மாற்றலாம். வெளிச்சுவரில் அமரும் சீட்டை, உள்ளே ஒரு ஸ்டீல் வளையத்தைக் கவ்வுகிற மாதிரித் திருப்பிப் போட்டோம். குளிரக் குளிர இறுகியது. இதைக் கண்டுபிடிக்க நாலு மாதம், இருபதுக்கும் மேல் சீட்டுகள், நிறைய டெஃப்லான் கம்பி. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னொன்றும் கற்றோம். ஆக்சிஜன் போகும் பாகத்தில் எண்ணெய்ப் பசை துளிகூட இருக்கக் கூடாது, தீப்பிடித்துவிடும். பனியன் வேஸ்ட்டால் துடைத்து எண்ணெய் தடவி அடுக்கி வைப்பதுதான் எங்கள் தொழிலில் சுத்தம். அந்தப் பழக்கத்தை விடுவது வால்வைச் செய்வதைவிடக் கடினமாக இருந்தது.

சரி, சீட் நின்றுவிட்டது. இந்த வடிவமைப்பை மேலே கொண்டுபோக ஒரு மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று போனேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஒவ்வொரு சோதனையிலும் அளவு என்ன, எத்தனை நிமிடம் குளிரில் இருந்தது, எவ்வளவு ஒழுகியது, எந்த லாட் பொருள், மூலப்பொருளுக்குச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார். என்னிடம் இருந்தது கடைசி ஆறு சீட்டும் செல்போனில் ஒரு வீடியோவும். தோற்ற சீட்டுகளையெல்லாம் ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம். திரும்பி வந்து, லேத் ஓட்டும் எங்கள் டர்னரிடம் கேட்டேன். "அண்ணாச்சி, நாம எங்க எழுதி வச்சோம்?" என்றான்.

அதனால் சொல்கிறேன். உங்கள் பட்டறையில் ஆராய்ச்சி ஏற்கெனவே நடக்கிறது. எழுதி வைக்காததால் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். தோற்றதை முதலில் எழுதுங்கள். அளவு, நேரம், வெப்பநிலை, பொருளின் சான்றிதழ் நகல், செய்தவர் பெயர், எல்லாம். சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவையும் இன்றே செய்துவிடுங்கள். அரசு டெண்டர்களில் சிறு நிறுவனங்களுக்குக் கிடைக்கும் முன்வைப்புத் தொகை விலக்கு அதில்லாமல் கிடைக்காது.

"ஒரு சீட் செய்துவிட்டு ராக்கெட் விஞ்ஞானி மாதிரி பேசுகிறான்" என்று சிலர் எழுதக்கூடும். நான் ராக்கெட் செய்யவில்லை. செய்தது ஒரு சீட். ஆனால் கிரையோஜெனிக் வால்வு ஒழுகினால் மேலே உள்ள எதுவும் கிளம்பாது. அரசைக் குறை சொல்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம், ஆதாரம் கேட்டது அவர்கள் கடமை. ஒரே வருத்தம், தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களும் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று போய்விட்டன. எஞ்சின் சோதனை மகேந்திரகிரியில், அடுத்த ஏவுதளம் குலசேகரப்பட்டினத்தில், அதற்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல்லும் நாட்டியாகிவிட்டது. நடுவில் இருக்கும் எங்களுக்கு ஒரு நல்ல சோதனைக்கூடம் வேண்டுமானால் கோவைக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. அந்த வளையத்தைத் திருப்பிப் போடும் யோசனை என்னுடையது இல்லை, எங்கள் டர்னருடையது. பேட்டை ஐடிஐயில் படித்தவன், வயது 31. இதுவரை மூன்று இடத்தில் பெண் பார்த்தாகிவிட்டது. மூன்று வீட்டிலும் "லேத் பட்டறையா?" என்று ஒரே கேள்விதான். வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் பி.இ. பையனுக்குக் காட்டும் மரியாதையை, ஐந்து மைக்ரானில் கை நிற்கும் இவனுக்கு ஏன் காட்ட மறுக்கிறார்கள்? போன மாதம் ஓசூருக்குப் போய்விடலாமா என்று என்னிடம் கேட்டான். அங்கே கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கும் அல்லவா.

இப்போது பட்டறையில் நீள நோட்டு ஒன்று போட்டிருக்கிறோம். முதல் பக்கத்தில் அவன் பெயர்தான் இருக்கிறது. இரண்டாவது முறை விண்ணப்பிக்க அதில் இன்னும் பதினைந்து சோதனைகள் ஏற வேண்டும். வள்ளியூர்ப் பக்கம் வந்தால் வாருங்கள், நோட்டைக் காட்டுகிறேன். வரைபடத்தைக் காட்ட மாட்டேன்.