நுகர்வோர் ஆணையத்தில் சட்ட மாணவருக்கு என்ன வேலை?

தஞ்சாவூரில் சட்டம் படிக்கும் தங்கைக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் உதவியாளர் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளத்தை எதிர்பார்க்க வேண்டாம். கல்லூரிக் கடிதத்துடன் பயிற்சி மாணவராக அனுமதி கேட்கலாம்.

ஆனால் கற்றுக்கொள்ள அருமையான இடம் அது. குறுவைக்கு வாங்கிய விதைநெல் முளைக்கவில்லை என்று ஒரு விவசாயி புகார் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கோப்பில் ரசீது இருக்கும், விதைப்பையின் அட்டை இருக்கும், வேளாண் அலுவலரின் வயலாய்வு அறிக்கையும் இருக்கலாம். அவற்றைத் தேதிவாரியாக அடுக்கிச் சுருக்கம் எழுத வேண்டும். 2 ஆண்டுக் கெடுவுக்குள் புகார் வந்ததா என்று பார்க்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே கிடையாது. இது பல விவசாயிகளுக்குத் தெரியாதது எனக்குப் பெரிய வருத்தம். விதைத்த நெல்லை ஆய்வகத்துக்கு அனுப்பவில்லையே என்று விதை நிறுவனம் வாதிடும். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் அளித்த தீர்ப்பு இந்தக் கேள்வியையும் அலசுகிறது. அதை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆணையத்தில் இருக்கும் நாட்களில் எந்தத் தரப்புக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது. மக்களுக்கு நேரடியாக உதவ விரும்பினால் கல்லூரியின் சட்ட உதவி மையத்தில் சேரட்டும்.