அழைப்பு வராமலே அமெரிக்கக் கல்லூரியின் தடகள அணியில் சேர முடியுமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் பதினோராம் வகுப்பு படிக்கிறான். 800 மீட்டரில் அவனுடைய சிறந்த நேரம் 1:58. இதுவரை எந்தக் கல்லூரிப் பயிற்சியாளரும் அழைக்கவில்லை. இனி வழி உண்டா?

உண்டு. ஆனால் அழைப்புக்காகக் காத்திருப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். என் மகளும் 800 மீட்டர் ஓடித்தான் ஒரு டிவிஷன் 3 கல்லூரியின் அணியில் சேர்ந்தாள் (கல்லூரி விளையாட்டு மூன்று பிரிவுகளாக நடக்கிறது; டிவிஷன் 1-இல்தான் போட்டி மிகக் கடுமை). முதல் மின்னஞ்சலை எழுதியது அவள்தான், பயிற்சியாளர் அல்லர்.

ஒரு மாணவரை எடுக்கலாமா என்று யோசிக்கும் பயிற்சியாளரின் மனத்தில் ஓடுவது கான்ஃபரன்ஸ் (தமக்குள் போட்டியிடும் கல்லூரிகளின் குழு) சாம்பியன்ஷிப்பின் புள்ளிக் கணக்கு. பெரும்பாலான கான்ஃபரன்ஸ்களில் முதல் எட்டு இடங்களுக்கு மட்டும் 10, 8, 6, 5, 4, 3, 2, 1 என்று புள்ளிகள் கிடைக்கும். கல்லூரிப் போட்டிகளின் முடிவுகள் டி.எஃப்.ஆர்.ஆர்.எஸ். இணையத்தளத்தில் யாரும் பார்க்கும்படி உள்ளன. உங்கள் மகன் விரும்பும் கல்லூரி எந்தக் கான்ஃபரன்ஸில் இருக்கிறது என்று பார்த்து, அங்கே கடந்த ஆண்டு 800 மீட்டரில் எட்டாவதாக வந்தவரின் நேரத்தை எடுத்து, அவனுடைய நேரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்த ஓர் எண், கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் நிறுவனங்களைவிடத் தெளிவாகப் பேசும். 1:58 என்பது டிவிஷன் 1-இன் பெரிய அணிகளுக்குப் போதாது. டிவிஷன் 3 அணிகள் பலவற்றில் அது கவனிக்கத்தக்க நேரம்.

மின்னஞ்சலை மாணவனே எழுத வேண்டும். பெற்றோர் எழுதுவதைப் பயிற்சியாளர்கள் விரும்புவதில்லை. என் மகள் தலைப்பு வரியிலேயே பள்ளி முடிக்கும் ஆண்டு, ஓடும் தூரம், சிறந்த நேரம் மூன்றையும் போட்டுவிட்டாள். உள்ளே மதிப்பெண் சராசரி, எடுக்க விரும்பும் பாடம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவளுடைய நேரம் எப்படிக் குறைந்து வந்தது என்னும் விவரம், போட்டி முடிவுகளின் இணைப்பு ஆகியவை இருந்தன; அவ்வளவுதான். நேரம் மின்னணுக் கருவியில் பதிவானதாக இருக்க வேண்டும். கையால் அழுத்தும் கடிகாரத்தில் எடுத்த நேரத்தை, குறிப்பாகக் குறுந்தூர ஓட்டங்களில், யாரும் நம்புவதில்லை. டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் பத்தாம் வகுப்பு முடிந்த பின், ஜூன் 15 முதல்தான் மாணவர்களைத் தொடர்புகொள்ளலாம் என்பது கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி. உங்கள் மகனைப் பொறுத்தவரை அந்தத் தேதி கடந்துவிட்டதால், மடலுக்குப் பதில் வராவிட்டால் அதையும் ஒரு பதிலாகவே கொள்ளலாம். ஆயினும் அவனுடைய ஓட்ட நேரம் குறையும்போதெல்லாம் மறுபடி எழுதுவதில் தவறில்லை.

உயரம் தாண்டுதல் வீரர் தேஜஸ்வின் சங்கரைப் போன்றவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. 2016-இல் கோயம்புத்தூரில் 2.26 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்தபோது அவருக்கு வயது 17. மறு ஆண்டே கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையுடன் சேர்ந்து, 2018-இலும் 2022-இலும் என்.சி.ஏ.ஏ. உயரம் தாண்டுதல் பட்டத்தை வென்றார். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கதவைத் தட்டித்தான் உள்ளே போக வேண்டும்.

அழைப்போ உதவித்தொகையோ இன்றி அணியில் சேரும் 'வாக் ஆன்' வழி, டிவிஷன் 1-இல் இப்போது மிகவும் குறுகிவிட்டது. முன்பு உதவித்தொகைக்குத்தான் வரம்பு இருந்தது: ஆண்கள் அணிக்கு 12.6 முழு உதவித்தொகை, பெண்கள் அணிக்கு 18. அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மீதி ஆட்களை உதவித்தொகை இல்லாமல் சேர்த்துக்கொள்வார்கள். கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பின், அதில் இணைந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை வரம்பு போய் ஆள் வரம்பு வந்துவிட்டது: தடகளத்தில் 45 பேர், கிராஸ் கன்ட்ரி என்னும் நெடுந்தூர வெளி ஓட்டத்தில் 17 பேர். வளரட்டும் பார்க்கலாம் என்று ஒருவரை வைத்துக்கொள்ளும் தாராளம் அங்கே இனி அரிது. அப்படியும் முயல்வதானால், கல்லூரியில் இடம் கிடைத்தவுடனேயே பயிற்சியாளருக்கு எழுதி, அணிக்கு ஆள் எடுக்கும் தகுதி ஓட்டம் எப்போது என்று கேளுங்கள். அதற்கு முன்பாகவே மருத்துவப் பரிசோதனை, அரிவாள் செல் ரத்தப் பரிசோதனை முடிவு, என்.சி.ஏ.ஏ.-வின் தகுதி மையத்தில் செய்த பதிவு ஆகியவற்றைக் கேட்பார்கள். செப்டம்பரில் இவற்றுக்காக அலைந்தால் அந்தத் தகுதி ஓட்டம் முடிந்துபோயிருக்கும்.

டிவிஷன் 3-இல் விளையாட்டு உதவித்தொகை கிடையாது என்பதால் நம்மவர்கள் அதைக் கீழாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குடும்ப வருமானத்தையும் மதிப்பெண்ணையும் வைத்து அந்தக் கல்லூரிகள் தரும் உதவி, டிவிஷன் 1 அணி பிரித்துக் கொடுக்கும் கால் பங்கு உதவித்தொகையைவிடப் பல நேரம் அதிகமாக இருக்கும். பயிற்சியாளருக்கு விருப்பம் இருந்தால், பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய கோடையில் மதிப்பெண் பட்டியலைச் சேர்க்கை அலுவலகத்திடம் காட்டி முன்கூட்டியே கருத்துக் கேட்கும் வழக்கமும் பல கல்லூரிகளில் உண்டு. மகளுக்கு எந்தக் கல்லூரி சரிப்படும் என்பது எங்களுக்குத் தெளிவானதே அந்தக் கட்டத்தில்தான்.

எதுவும் அமையாவிட்டால், பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர்களே நடத்தும் ஓட்டக் கழகங்கள் இருக்கின்றன. அங்கே பயிற்சி செய்துகொண்டே, தனிநபர்களை அனுமதிக்கும் போட்டிகளில் ஓடி நேரத்தைக் குறைத்து, அடுத்த ஆண்டு அதே பயிற்சியாளரிடம் புதிய நேரத்தோடு போய் நிற்கலாம்.