ஒரே ரைபிள்தான் வாங்க முடியும் என்றால் எந்தக் காலிபர்?

உசிலம்பட்டிக்காரத் தம்பி ஒருவர் நியூசிலாந்தின் தென்கோடியில், சவுத்லாந்தில், ஒரு பால்பண்ணையில் வேலை பார்க்கிறார். அங்கே முறைப்படி துப்பாக்கி லைசென்ஸ் எடுத்துவிட்டார், துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை, இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறார். அவர் கேட்டது சுருக்கமாக இது (காலிபர் என்றால் குண்டின் பருமன், கீழே வரும் எண்கள் அதை வைத்துப் பெயரிட்ட தோட்டா வகைகள்): "மான், காட்டுப்பன்றி, காட்டு ஆடு, வாய்ப்புக் கிடைத்தால் மலையில் தார் என்கிற மலையாடு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு ரைபிள்தான் வாங்க முடியும். பண்ணை முதலாளி .270 என்கிறார், கூட வேலை பார்ப்பவர் 6.5 கிரீட்மோர் என்கிறார், கடையில் .300 வின்செஸ்டர் மேக்னத்தை எடுத்துக் கையில் கொடுத்து, இது இருந்தால் எதற்கும் கவலையில்லை என்றார்கள். என் மனைவியும் சுடப் பழகப்போகிறார். எதை வாங்குவது? அப்புறம், ஊரில் அப்பாவின் நிலக்கடலையைப் பன்றி உழுதுபோட்டுவிடுகிறது, அந்த ரைபிளை ஒரு தடவை இங்கே கொண்டுவர வழி உண்டா?"

கடைசிக் கேள்விக்குப் பதில், வழி இல்லை என்பதுதான், காரணத்தைக் கீழே சொல்கிறேன். முதல் கேள்விக்கு என் பதில் .308 வின்செஸ்டர். மேற்கொண்டு படிக்க நேரமில்லை என்றால் அதை வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி, வருத்தப்பட மாட்டீர்கள்.

சரி, ஏன் .308? அது எல்லாவற்றிலும் முதலிடம் என்பதால் இல்லை, எதிலுமே அது முதலிடம் கிடையாது. .270 இன்னும் தட்டையாகப் பறக்கும், 6.5 கிரீட்மோர் காற்றில் குறைவாக விலகும், .243 தோளை நோகடிக்காது, .300 மேக்னத்தின் அடி பலமானது. ஒரே ரைபிள் வைத்திருப்பவருக்கு வேண்டியது வேறு. உங்களுக்கு முன்னால் வரப்போகிற மிருகங்களில் பெரியதை நிச்சயமாக வீழ்த்த வேண்டும், நீங்களும் மனைவியும் பயமில்லாமல் நூற்றுக்கணக்கில் சுட்டுப் பழக முடிய வேண்டும், எந்தச் சின்ன ஊர்க் கடையில் நுழைந்தாலும் தோட்டா கிடைக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் மிச்சம் நிற்பது இதுதான்.

முதலில் மிருகத்தைப் பார்ப்போம். நியூசிலாந்தில் வௌவாலைத் தவிர மண்ணுக்குச் சொந்தமான தரைப் பாலூட்டி எதுவும் கிடையாது. இன்று அங்கே சுடப்படும் மான், ஆடு, பன்றி எல்லாம் வெளியிலிருந்து கொண்டுபோய் விட்டவை, பெருகிக் காட்டை மேய்ந்து தீர்த்ததால்தான் அரசே வேட்டையை அனுமதிக்கிறது, 1930களிலிருந்து சம்பளத்துக்கு ஆள் வைத்தும் சுட்டது. (அந்தக் காலத்து ஆட்கள் கையில் இருந்தது பெரும்பாலும் நம் போலீஸ் ஸ்டேஷன்களில் பார்த்த அதே .303.) செம்மான் கிடா நன்றாக வளர்ந்தால் 150 கிலோவைத் தாண்டும். தார் என்பது இமயமலைத் தார், நம் மாநில விலங்கான வரையாட்டின் தூரத்துச் சொந்தம், 1904இல் கொண்டுபோய் விட்டது. வடக்குத் தீவில் நம் மிளாகூட இருக்கிறது, 1870களில் இலங்கையிலிருந்து கப்பலேறிப் போனது. ஆக நீங்கள் சுடப்போவதில் மிகப் பெரியது பெரும்பாலும் ஒரு மிளா, அல்லது ஒரு செம்மான் கிடா. கரடி இல்லை, காட்டெருமை இல்லை. கடையில் சொன்ன "எதற்கும்" என்பதற்கு அந்த நாட்டில் அர்த்தமே கிடையாது.

.308இல் சாதாரணமாகக் கிடைக்கும் 150 கிரெயின் குண்டு, அதாவது கிட்டத்தட்ட 9.7 கிராம், குழலை விட்டு வெளியேறும்போது நொடிக்கு 860 மீட்டர் வேகத்தில் போகும். 300 மீட்டரில் சுமார் 650 மீட்டர் வேகம் மிச்சம் இருக்கும், நல்ல வேட்டைக் குண்டு விரிய அது தாராளம். 200 மீட்டருக்கு ஜீரோ பண்ணி, அதாவது அந்தத் தூரத்தில் குறியும் குண்டும் ஒன்றாகும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்தால் 300 மீட்டரில் ஒரு ஜாணுக்குச் சற்றுக் கூடுதலாகக் கீழே இறங்கும். .270 கொஞ்சம் குறைவாக இறங்கும், வித்தியாசம் சில விரற்கடைதான். அதற்கு மேல் தூரத்தில் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். கிட்டப் போங்கள். புதிதாகச் சுடுகிற ஆள் 300 மீட்டரைத் தாண்டி உயிருள்ள ஒன்றின்மேல் சுடவே கூடாது என்பது என் கட்சி, இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு, வரட்டும்.

இப்போது தோளுக்கு வருவோம். பட்டாளத்தில் ஆயுதப் பட்டறையில் இருந்த காலத்தில் சுட்டுப் பழகும் ரேஞ்சில் குறி தவறுபவர்களைப் பார்த்தால், ரைபிளில் கோளாறு இருப்பது அபூர்வம். வெடிக்கப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்ததும் கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், விரல் ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கும். குறி போன இடம் தெரியாது. ஒரே எடையுள்ள ரைபிளில் .300 மேக்னத்தின் உதை .308ஐப் போல ஒன்றரை மடங்கு இருக்கும், .243இல் .308இன் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், 6.5 கிரீட்மோரும், கீழே சொல்லப்போகும் 7எம்எம்-08உம் முக்கால் பங்கு. மேக்னம் வாங்கியவர் முதல் பெட்டித் தோட்டாவை ஆசையாகச் சுடுவார், இரண்டாவது பெட்டி அலமாரியிலேயே இருக்கும். பழகாத மேக்னத்தால் மானின் வயிற்றில் சுடுவதைவிடப் பழகின .308ஆல் நுரையீரலில் சுடுவது எவ்வளவோ மேல். வயிற்றில் அடிபட்ட மான் கிலோமீட்டர் கணக்கில் ஓடி, புதருக்குள் கிடந்து மணிக்கணக்கில் துடித்துச் சாகும், உங்களுக்கும் கிடைக்காது.

இந்தக் கண்சிமிட்டல் உங்களுக்கும் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ரேஞ்சில் மனைவியிடம் ரைபிளைக் கொடுத்து, உங்கள் கண்ணில் படாமல் நிஜத் தோட்டாவையும் போலித் தோட்டாவையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். போலித் தோட்டா வரும்போது வெறும் 'டிக்' சத்தம்தான் வரும், அந்த நேரத்தில் குழலின் முனை குதித்தால் கோளாறு உங்களிடம். அவருக்கும் நீங்கள் அதையே செய்யுங்கள்.

.308 பிறந்தது 1952இல். அதன் பட்டாளத்து உருவம்தான் 7.62 நேட்டோ, நம் ராணுவமும் போலீசும் பல வருடம் தூக்கிச் சுமந்த எஸ்.எல்.ஆர். ரைபிள் சுட்டது அதைத்தான். இத்தனை நாடுகளின் பட்டாளம் பயன்படுத்தியதால் உலகம் முழுக்க இதன் தோட்டா விலை அடங்கி இருக்கிறது, வகைகளும் ஏராளம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பயிற்சிக்காக மலிவாக விற்கும் பட்டாளத்து வகைக் குண்டுக்கு முழுக்கச் செம்புக் கவசம் போட்டிருக்கும், அது விரியாது, மிருகத்துக்குள் ஊசி மாதிரி ஒரு துளை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும். தாளில் சுட அது போதும், மிருகத்துக்குக் கூடவே கூடாது.

உண்மையில் காலிபரைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் பாதி நேரத்தைக் குண்டின் மேல் செலவழித்தால் நன்றாக இருக்கும். ஈய முனை வெளியே தெரிகிற சாதாரண சாஃப்ட் பாயிண்ட், 150 அல்லது 165 கிரெயின், ஆட்டுக்கும் பன்றிக்கும் மானுக்கும் போதும். பெரிய கிடாவும் மிளாவும்தான் குறி என்றால் கவசமும் ஈயமும் பிரியாமல் ஒட்டின பாண்டட் வகை, இல்லாவிட்டால் முழுச் செம்பில் செய்தது. கறியைச் சாப்பிடப்போகிறீர்கள், வீட்டில் குழந்தை இருக்கிறது என்றால் முழுச் செம்பை எடுங்கள். வேகமாகப் போகிற ஈயக் குண்டு உடைந்து, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகக் காயத்தைச் சுற்றி ஒரு ஜாண் தூரத்துக்குக்கூடப் பரவும். எந்தக் குண்டானாலும் காயத்தைச் சுற்றியுள்ள கறியைத் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள், நாய்க்கும் போடாதீர்கள். இரண்டு மூன்று கம்பெனித் தோட்டாவை ஒவ்வொரு பெட்டி வாங்கி, எது உங்கள் ரைபிளில் தாளில் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுகிறதோ அதோடு நின்றுவிடுங்கள், பிராண்டை மாற்றினால் ஜீரோவும் மாறும்.

மற்றவற்றைப் பற்றி நாலு வார்த்தை. முதலாளி சொன்ன .270, 1925இல் வந்தது, அருமையான தோட்டா, திறந்த மலைச்சரிவில் மட்டும் சுடுபவருக்கு நானே அதைச் சொல்வேன், அவரிடம் பழையது ஒன்று இருந்து மலிவாகத் தந்தால் மறுக்காதீர்கள். 6.5 கிரீட்மோர் 2007இல் வந்தது. யூடியூப்பில் அதை ஏதோ அவதாரம் மாதிரி பேசுகிறார்கள், அவ்வளவு இல்லை, ஆனால் கெட்டதும் இல்லை. .243 ஆட்டுக்கும் சின்ன மானுக்கும் சரி, பெரிய கிடாவுக்குக் கை தேர்ந்தவர் சுட வேண்டும். .30-06 எல்லாம் செய்யும், .308ஐவிடக் கொஞ்சம் பலம், கொஞ்சம் நீளம், கொஞ்சம் உதை, அந்தக் கூடுதல் உங்களுக்குத் தேவையில்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நான் வழிவிடுவேன்: கடையில் இரண்டையும் தோளில் வைத்து, முடிந்தால் சுட்டும் பார்த்துவிட்டு, மனைவிக்கு .308 கனக்கிறது என்றால் 7எம்எம்-08 வாங்குங்கள். அது .308இன் பித்தளைக் கூட்டையே கழுத்தைச் சுருக்கிச் செய்தது, 1980இல் வந்தது, மானுக்கு வித்தியாசம் தெரியாது, தோட்டா மட்டும் எல்லாக் கடையிலும் இருக்காது.

முயல், பாஸம் என்கிற மரமேறும் பைவிலங்கு, இதையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். .308ஆல் முயலைச் சுட்டால் காதுதான் மிஞ்சும். அதற்கென்று பிறகு ஒரு .22 வாங்கிக்கொள்ளலாம், செலவு குறைவு, பயிற்சிக்கும் ஆகும்.

ரைபிள், ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றுகிற போல்ட் ஆக்‌ஷனாகத்தான் இருக்கும், 2019இல் கிறைஸ்ட்சர்ச் மசூதித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் சென்டர்ஃபயர் (பெரிய தோட்டா) ரைபிள்களைப் பொதுமக்களுக்கு அங்கே தடை செய்துவிட்டார்கள். 20 அங்குலக் குழல் போதும், .308க்கு அதில் பெரிய நஷ்டமில்லை, புதருக்குள் நுழையவும் வசதி. சைலன்சர் அங்கே சட்டப்படி சாதாரணமாக வாங்கலாம் (நம் ஊரில் இதைச் சொன்னால் கூலிப்படையா என்று கேட்பார்கள்), வாங்குங்கள், காதும் பிழைக்கும், உதையும் கணிசமாகக் குறையும். ஸ்கோப்போடு சேர்த்து மூன்றரை கிலோவுக்குக் கீழே போகவேண்டாம், இறகு மாதிரி லேசான மலை ரைபிள் கடையில் தூக்கிப் பார்க்க சுகமாக இருக்கும், சுடும்போது கழுதை உதை. அப்புறம் பட், அதாவது தோளில் வைக்கும் கட்டையின் நீளம். கம்பெனி ரைபிள்கள் ஆறடி ஆளுக்குச் செய்தவை, ட்ரிகரிலிருந்து பட் முனை வரை 34, 35 சென்டிமீட்டர் இருக்கும், நம் வீட்டுப் பெண்களுக்கு அது எட்டாது, கழுத்தை நீட்டிச் சுட்டால் ஸ்கோப் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். நடுவில் தகடு கழற்றிச் சேர்க்கும்படி வருகிற பட்டாகப் பார்த்து வாங்குங்கள், இருவருக்கும் ஒன்றையே சரிசெய்துகொள்ளலாம்.

அந்த நாட்டில் வேட்டைக்காரரை வேட்டைக்காரரே மான் என்று நினைத்துச் சுட்டுக் கொன்ற சம்பவங்கள் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. செம்மான் கிடா கத்துகிற மார்ச் கடைசி, ஏப்ரலில் காடு முழுக்க ஆள் இருக்கும், கிடா மாதிரி கத்தி அழைப்பதும் மனுசன்தான். அசைவைப் பார்த்துச் சுடாதீர்கள், நிறத்தைப் பார்த்துச் சுடாதீர்கள், தலை, கழுத்து, தோள் மூன்றும் மான் என்று தெரிந்த பிறகு விரலை ட்ரிகருக்குக் கொண்டுபோங்கள். ஆள் யார் என்று பார்க்க ஸ்கோப்பைப் பயன்படுத்தாதீர்கள், பைனாகுலர் எதற்கு இருக்கிறது? .308 குண்டு தடை இல்லாவிட்டால் நான்கு கிலோமீட்டர் வரை போகும், அதனால் மேட்டு உச்சியில் வானத்தை ஒட்டி நிற்கிற மிருகம் எவ்வளவு அழகாக நின்றாலும் விட்டுவிடுங்கள்.

இனி அப்பாவின் நிலக்கடலை. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 1991இல் திருத்தியதிலிருந்து பொழுதுபோக்கு வேட்டை என்று ஒன்று கிடையாது. இங்கே துப்பாக்கி லைசென்ஸ் இருப்பது துப்பாக்கி வைத்திருக்கத்தான், பன்றியைச் சுட அல்ல, பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் வாங்கியவருக்கும் இதே கதிதான், தேர்தல் வந்தால் அதையும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். நியூசிலாந்து லைசென்ஸுக்கு மதுரை ஏர்போர்ட்டில் எந்த மதிப்பும் இல்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவு எடுத்தது: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கிற பன்றிகளை வனத்துறை ஆட்கள் சுடலாம், ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், ஒரு கிலோமீட்டருக்குள் சுடவோ பிடிக்கவோ கூடாது. சுடுவது அவர்கள்தான், விவசாயி இல்லை, விவசாயியின் மகனும் இல்லை. ஆகவே அப்பாவின் நிலம் காப்புக்காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள், சேதத்தைத் தேதியோடு போட்டோ எடுத்து வி.ஏ.ஓ.விடம் காட்டி, வனச்சரகர் அலுவலகத்தில் மனுவும் இழப்பீட்டு விண்ணப்பமும் சேர்த்துக் கொடுங்கள். யாராவது அவுட்டுக்காய் (நாட்டுவெடி வைத்த இரை) வைக்கலாம், வேலியில் கரண்ட் விடலாம் என்று யோசனை சொன்னால் அப்பாவைக் கேட்க விடாதீர்கள், அதில் சாவது பல நேரம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாடும், சில நேரம் பக்கத்துத் தோட்டத்துக்காரருமே.

இன்னொன்று, இது அடுத்த லீவுக்கு. ரைபிள் வாங்கி வேட்டைக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஊருக்குக் கிளம்பும்போது வேட்டைக்குப் போட்ட ஜாக்கெட்டையோ பையையோ கொண்டுவராதீர்கள். வேறு வழியில்லை என்றால் ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளியே இழுத்துப் பாருங்கள். மறந்துபோன ஒரே ஒரு தோட்டா ஸ்கேனரில் தெரிந்தாலும் இங்கே ஆயுதச் சட்டத்தில் கேஸ் ஆகும், வெறும் கூடாக இருந்தாலும் விளக்கம் சொல்லியே விமானம் போய்விடும்.